விட்டுவைத்த குலை

அறுவடை முடிந்து தோட்டங்களைத் திறந்துவிட்டதும், விடுபட்ட திராட்சையைப் பொறுக்க எங்கள் வால்தெகோர்சாவில் பாதி ஊர் பையும் கையுமாகக் கிளம்பிவிடும். ஓரென்சியாவின் தோட்டத்துப் பக்கம் மட்டும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. போய்ப் பயனில்லை. அவள் பறித்துவிட்டுப் போன செடியில் ஒரு மணி மிஞ்சாது. குளவிகள்கூட அந்தத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும் என்று கேலி பேசுவார்கள்.

ஐம்பது அறுவடைகளில் அவள் ஒரு குலையை விட்டாள் என்று யாரும் விரல் நீட்டியதில்லை. ஊர் அதற்காக அவளை மெச்சியது. புதிதாகப் பறிக்க வருகிறவர்களிடம், "அங்க பாருங்க, ஓரென்சியா எப்படிச் செடியைச் சுத்தி வர்றான்னு" என்று காட்டுவார்கள். அவள் ஏன் அப்படி ஆனாள் என்பது வெகுகாலம் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நான் கசில்டா. அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி, ஒரு வயது மூத்தவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயை நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மூடி வைத்திருந்தேன், அதுவும் மூடக்கூடாத நேரத்தில்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் முன்னால் வெட்டிக்கொண்டு போவோம். நிரம்பிய கூடைகளைச் சுமக்க ஆண்கள் பின்னால் வருவார்கள். எவளாவது செடியில் ஒரு குலையை மறந்து விட்டுப் போனால், அதைக் கண்டெடுத்தவன் ஓடிவந்து அவள் முகத்திலேயே நசுக்கிப் பூசுவான். அதற்கு லகரேஹோ என்று பேர். சாறு கழுத்து வழியாக உள்ளே ஒழுகும், அவள் வாய்க்கு வந்தபடி திட்டுவாள், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கவனக்குறைவுக்குத் தண்டனை என்றுதான் பெயர். ஆனால் இருபது வயதில் எவளும் சும்மா மறப்பதில்லை. பின்னால் வருகிறவன் யார் என்று பார்த்துவிட்டுத்தான் மறப்பாள். என் வீட்டுக்காரர் எவுத்திமியோவுக்காக நான் ஒரே நாளில் மூன்று குலை விட்டேன். அந்த மனுஷனுக்கு மூன்றாவதுதான் கண்ணில் பட்டது.

அறுபத்தெட்டாம் வருஷம், அக்டோபர் மாதம். காலையில் விரலை மரத்துப்போக வைக்கும் உறைபனி, மதியம் முதுகைச் சுடும் வெயில். துவேரோ ஆற்றங்கரையில் திராட்சை கறுப்பதே அந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஓரென்சியாவின் அப்பா தோட்டத்தில் அன்று கடைசி நாள் பறிப்பு. அவளுக்குப் பத்தொன்பது வயது. குள்ளம், முகமெல்லாம் தேமல் மாதிரி சிறு புள்ளிகள், கை மட்டும் மின்னலாக வேலை செய்யும். கூடையை எடுத்துக்கொண்டு மேடேறும்போது என் இடுப்பில் இடித்தாள்.

"அடியே, இன்னிக்கு ஒண்ணு விடப்போறேன்."

"யாருக்குடி?"

அவள் தாடையால் காட்டிய பக்கம் கொல்லன் மகன் எவேலியோ கழுதைக்கு வார் கட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த ஒட்டடைக்கம்புக்கா? அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லையே!"

"பேசுறதுக்குத்தான் எனக்கு நீ இருக்கியே." என் கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தை இழுத்து என் உதட்டில் வைத்து அழுத்தினாள். "முத்தம் குடுத்துச் சத்தியம் பண்ணு. யார்கிட்டயும் மூச்சுவிடக் கூடாது. முக்கியமா அவன்கிட்ட. அவனாப் பார்த்து, அவனா வரணும்."

சத்தியம் பண்ணினேன்.

தோட்டத்து மூலையில் ஒரு பாதாம் மரம் உண்டு. அதனடியில் இருக்கும் கட்டைத் திராட்சைச் செடி அவள் அப்பாவைவிட வயதானது. அதில் தெற்குப் பக்கம் ஒரு குலை, இரண்டு கைக்கும் நிறைவாக, இலைக்கு வெளியே நன்றாகத் தெரியும்படி தொங்கியது. அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் வெட்டினாள், அதை மட்டும் விட்டாள். நிரம்பிய கூடையைச் செடியடியிலேயே வைத்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்து குனிந்துகொண்டாள். குனிந்தவள் ஒரு குலையும் வெட்டவில்லை. தலைத்துணியின் முடிச்சை மெல்ல அவிழ்த்து, துணியைப் பையில் திணித்துக்கொண்டாள். புதுத்துணி, கறை பட்டால் போகாது. அவள் காது மடல் சிவந்து கிடந்ததை நான் பக்கத்து வரிசையிலிருந்து பார்த்தேன்.

எவேலியோ வந்தான். குலையைப் பார்த்தான். நான் வெட்டுவதை நிறுத்தினேன். அவன் ஒருமுறை பின்னால் திரும்பினான், சட்டென்று கத்தியை எடுத்தான், காம்பை அறுத்தான், குலையை அவள் கூடையிலேயே போட்டான். பொத்தென்று விழுந்த அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. திரும்பினாள். அவன் கூடையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, கழுதையை நோக்கி நடந்துவிட்டான்.

அவள் தலைத்துணியை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டாள். மிச்ச வரிசையை ஒரு வார்த்தை பேசாமல் முடித்தாள். அன்று மாலை அறுவடை ஆட்டத்தில் எவேலியோ வந்து கை நீட்டியபோது, கால் வலி என்று சொல்லிவிட்டு என் சித்தப்பாவோடு நாலு பாட்டுக்கு ஆடினாள்.

நவம்பரில் அவன் என்னிடம் வந்தான். ஊர்க் குழாயடியில், தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டியபடி, "ஓரென்சியாவுக்கு என்மேல என்ன கோவம்?" என்று கேட்டான். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கழுத்துப் பதக்கம் குறுகுறுத்தது. அவளை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு எந்த முகத்தோடு கேட்கிறான் என்ற எரிச்சலும் இருந்தது. "அவளையே போய்க் கேளு, எனக்கென்ன தெரியும்?" என்றேன். அவன் கேட்கவில்லை. பேசத் தெரிந்த ஆளாக இருந்தால் என்னிடம் ஏன் வருகிறான்? அடுத்த வாரம் தூரத்துப் பில்பாவோ நகரத்தில் ஓர் இரும்பு ஆலையில் வேலை என்று பேருந்து ஏறிவிட்டான். இன்றைக்கும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வருஷத்து ஒயின் எங்கள் நிலவறைகளில் அவ்வளவு நன்றாக வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். வசந்தத்தில் அவள் அப்பா பீப்பாயைத் திறந்து தெருவுக்கே ஊற்றிக் கொடுத்தார். ஓரென்சியா கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"என் முகத்துக்கு வரவேண்டியதை ஊரே குடிச்சுட்டுப் போகுது பாரு, கசில்டா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த அறுவடையிலிருந்து அவள் ஒரு குலைகூட விட்டதில்லை. ஒவ்வொரு செடியையும் இரண்டு தடவை சுற்றுவாள், மண்டியிட்டு அடியிலிருந்து பார்ப்பாள். யாரும் அவள் முகத்தைத் தொட ஒரு சாக்கும் கொடுக்கவில்லை.

அழுது வடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஊரில் முதலில் டிராக்டர் ஓட்டிய பெண் அவள்தான். சீட்டாட்டத்தில் பாதிரியாரையே மூன்று முறை தோற்கடித்தாள். ஊரெல்லாம் திராட்சையைப் பிடுங்கிப்போட்டுச் சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் கிழங்கு நட்ட காலத்தில், அவள் அண்ணன் கலப்பையோடு வந்தான். பாதாம் மரத்தடியில் போய் நின்றுகொண்டு, "முதல்ல என்மேல ஓட்டு" என்றாள். அவன் திட்டிக்கொண்டே திரும்பிப் போனான். பிறகு பெரிய ஒயின் நிறுவனங்கள் வந்து, கிழட்டுச் செடிகளின் திராட்சைதான் வேண்டும் என்று கேட்டபோது, ஊரே அவளைக் கெட்டிக்காரி என்றது. அவள் கெட்டிக்காரத்தனம் என்னவென்று எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை வராமலும் இல்லை. பக்கத்து ஊர் மருந்துக்கடைக்காரர், பல்லெல்லாம் சொந்தப் பல், வீட்டில் பியானோ வேறு. ஒரு வருஷம் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளுக்கு என்னடி குறை?" என்று கத்தினேன்.

"ஒரு குறையும் இல்ல. அதான் நானும் ஒண்ணும் சொல்லல."

"அப்போ கட்டிக்கயேன்!"

"நீ வேணா கட்டிக்க. எவுத்திமியோகிட்ட நான் பேசுறேன்."

அவள் திராட்சையை வாங்கும் நிறுவனம் அதன் ஒயினை இரண்டு வருஷம் மரப்பீப்பாயில் வைக்கும், பிறகு பாட்டிலில் அடைத்து இன்னும் மூன்று வருஷம் இருட்டில் படுக்கப்போடும். கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் அவள் வீட்டுக்கு வரும். இருவரும் அவள் அடுப்படியில் உட்கார்ந்து திறப்போம். முதலில் ஒன்றுமே பேசாத ஒயின் அது, கோப்பையில் அரைமணி நேரம் கிடந்த பிறகுதான் வாயைத் திறக்கும். கறுப்புப் பழம், ஈரமண், கடைசியில் அந்தக் காலைக் குளிர். ஒரு கிறிஸ்துமஸில் அவள் சொன்னாள்: "காத்துக்கிடந்தா நல்லா ஆகும்னு இதைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. என்னைப் பத்தி ஒருத்தரும் சொல்லலையே." அடுப்பைக் கிளறப்போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு, அக்டோபர் கடைசி. எவேலியோவின் அண்ணன் இறந்துபோனான். அடக்கத்துக்கு எவேலியோ வந்தான். ஐம்பது வருஷத்தில் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறான், ஆனால் மனைவியோடு வந்து, தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போய்விடுவான். அந்தம்மாள் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அதே ஒட்டடைக்கம்பு, இப்போது கொஞ்சம் வளைந்திருந்தது. கல்லறையிலிருந்து எல்லோரும் எங்கள் நிலவறைக்கு வந்தார்கள். நான் காய்ந்த கொடிக்குச்சிகளைக் கொளுத்தி ஆட்டு விலாவைத் தணலில் போட்டேன். சாப்பிட்டுக் கலைந்த பிறகு மேஜையில் மிஞ்சியது நான், ஓரென்சியா, அவன். மூன்று கோப்பை குடித்ததும் அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ஓரென்சியா, ஐம்பது வருஷம் ஆச்சு. இன்னும் எனக்கு ஒரு நன்றி சொல்லலையே நீ."

"எதுக்கு?"

"பாதாம் மரத்தடியில ஒரு குலையை மறந்து விட்டியே, ஞாபகம் இருக்கா? எனக்கு ரெண்டு செடி தள்ளி அந்த சின்போ வந்துட்டிருந்தான். முந்தின வருஷம் ஒரு பொண்ணோட கன்னத்துல மண்ணும் கல்லுமாச் சேர்த்துத் தேய்ச்சு ரத்தம் வரவெச்சானே, அந்த முரடன். உனக்கும் அப்படி ஆயிடக் கூடாதேன்னு சட்டுனு வெட்டி உன் கூடையில போட்டுட்டேன். அவன் கண்ணுலயே படல."

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தான். அன்றைக்குக் கூடையைத் தூக்கியபோது சிரித்தானே, அதே சிரிப்பு.

ஓரென்சியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உன்னை யாரு காப்பாத்தச் சொன்னா?" என்றாள், மிகவும் மெதுவாக.

அவனுக்குப் புரியவில்லை. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பதக்கமாவது சத்தியமாவது!

"அட மடையா! அதை மறந்து விடலடா அவ. உனக்காக விட்டது! தலைத்துணியை அவிழ்த்து வெச்சுக்கிட்டு நின்னா. நீ என்னடான்னா கூடையில போட்டுட்டுப் போற!"

அவன் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. ஓரென்சியா பக்கம் திரும்பி, "ஆட வரமாட்டேன்னு சொன்னியே" என்றான். "அதனாலதான் போனேன். உனக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

"நீதான் என்னை வேணாம்னு சொல்லிட்டன்னு நான் நெனச்சேன்" என்றாள் அவள்.

பிறகு அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "வாங்க போவோம்" என்றான். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

மணி நாலு. ஐந்து மணிக்கு அவன் மகள் காரோடு பாலத்தடிக்கு வந்துவிடுவாள். மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடேறினோம். இலையெல்லாம் சிவந்து உதிர ஆரம்பித்திருந்தது. அவன் ஒவ்வொரு செடியாகக் குனிந்து இலையை விலக்கிப் பார்த்தான். முழங்கால் சொடக்குப் போட்டது. நான் இந்தப் பக்கம் பார்த்தேன். ஓரென்சியா மட்டும் தேடாமல் பாதாம் மரத்தடியில் நின்றாள்.

"ஒண்ணுகூடவா இல்ல?" என்று அங்கிருந்து கூவினான்.

"இருக்காது" என்றாள். "நான் விடமாட்டேன்." தப்புச் செய்துவிட்டு ஒத்துக்கொள்கிறவள் மாதிரி இருந்தது அவள் குரல்.

ஊரே மெச்சிய கை அது. நான்தான் அன்று அந்தக் கையைச் சபித்தேன். மற்ற தோட்டங்களில் ஊரார் ஏற்கெனவே பொறுக்கி முடித்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சின்போவின் தோட்டத்தில் ஒரு காம்பு கிடைத்தது. அதில் காய்ந்த மூன்று மணிகள், விரல் பட்டதும் பொடிந்தன.

கீழே பாலத்தருகே ஹாரன் அடித்தது. எவேலியோ அவள் முன்னால் வந்து நின்றான். வெறும் கை ஒருமுறை அவள் கன்னம்வரை உயர்ந்தது. பிறகு தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டது.

"அடுத்த அறுவடைக்கு ஒண்ணு விட்டு வை. வந்துடுறேன்."

"வருவியா?"

"தவழ்ந்தாவது வந்துடுவேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் வீட்டில் தொலைபேசி அடிக்கும். அவன் என்ன பேசினானோ, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இவள் சிரிப்புதான் கேட்கும். மார்ச்சில் கிளை கழித்துக் கவாத்து செய்யும்போது பாதாம் மரத்தடிச் செடியில், தெற்குப் பக்கம், இன்னொரு குலை வரட்டும் என்று ஒரு கணுவை அதிகமாக விட்டாள். பழைய செடிக்கு அது பாரம் என்று அவளுக்குத் தெரியும். நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். ஏப்ரலில் அரண்டா நகரத்துக்குப் பேருந்தில் போய்ப் புதுத் தலைத்துணி வாங்கி வந்தாள், எழுபது வயதில், நீலத்தில்.

மே மாதம், திராட்சை பூப்பதற்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. அவன் மகள் பேசினாள். தூக்கத்திலேயே போய்விட்டானாம். கஷ்டப்படவில்லையாம். இந்தச் செய்தியை ஓரென்சியா என் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு, வேண்டாத தளிர்களைக் கிள்ள வேண்டும் என்று தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். நாள் முழுவதும் இரண்டு பேரும் தளிர் கிள்ளினோம். அவள் அழவில்லை. நான்தான் கண் தெரியாமல் நல்ல தளிரையெல்லாம் கிள்ளிப்போட்டேன்.

அக்டோபரில் கடைசி நாள் பறிப்பு. அண்டை அயலார் பதினைந்து பேர் வந்திருந்தோம். சின்போவும் வந்திருந்தான். இப்போது புறா வளர்க்கிறான், தொப்பை போட்டுவிட்டது, மதியச் சாப்பாட்டுக்காகத்தான் வருவான், ஆனாலும் பழைய பழக்கத்தில் பின்வரிசையில் நடப்பான். ஓரென்சியா நீலத் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்தாள். பாதாம் மரத்தடிச் செடியைச் சுற்றி வந்து வெட்டினாள், அடுத்த செடிக்கு நகர்ந்தாள். கூடையை எடுக்கத் திரும்பியபோதுதான் நான் பார்த்தேன். தெற்குப் பக்கம், இலைக்கு வெளியே, இரண்டு கைக்கும் நிறைவாக ஒரு குலை தொங்கியது.

எனக்கு முன்னால் சின்போ பார்த்துவிட்டான்.

"லகரேஹோ!" என்று தோட்டமே அதிரக் கத்தினான். "எல்லாரும் ஓடி வாங்க! ஓரென்சியா ஒரு குலையை மறந்துட்டா! கண்ணு மங்கிப்போச்சு கிழவிக்கு!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். யாரோ சீட்டியடித்தார்கள். ஐம்பது வருஷப் பேர் அன்றைக்குப் போயிற்று. ஓரென்சியா நிமிர்ந்தாள்.

"மறக்கல" என்றாள். "வேணும்னேதான் விட்டேன். எவேலியோவுக்கு விட்டேன். அறுபத்தெட்டுலயும் அவனுக்குத்தான் விட்டேன். எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. சின்போ, உனக்கில்ல அது, கையை எடு."

சீட்டி நின்றது. சின்போ தொப்பியைக் கழற்றினான். "அவன் போயிட்டானே, ஓரென்சியா" என்றான்.

"எனக்குத் தெரியாதா?"

நீலத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு அங்கேயே நின்றாள், முகத்தை லேசாக நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு. காது மடல் சிவந்திருந்தது. பதினைந்து பேரில் ஒருவரும் அசையவில்லை.

நான் செடியிடம் போனேன். காம்பைப் பிடித்து அறுத்தேன். கனமான குலை, காலைக் குளிர் இன்னும் அதில் இருந்தது. அவள் கூடை என் காலடியிலேயே இருந்தது. அதில் போடவில்லை.